பொருந்தாத கடைசிப் பைப்பு

அல்வர்ஸ்டோன், டாஸ்மேனியா
மார்ச் 4, 2013

அன்புள்ள நெவில் அண்ணனுக்கு,

இங்கே நானும் பேரியும் சுகம். அவருக்கு முழங்கால் வலி, எனக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது வலி. மற்றபடி குறை இல்லை. உன் காது எப்படி இருக்கிறது? போன மாதம் ஃபோனில் நான் தொண்டை கிழியக் கத்தியும், "எனக்கு இன்சூரன்ஸ் ஒண்ணும் வேணாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். சரி, கப்பல் தளத்தில் முப்பது வருஷம் பைப்பு பொருத்திய காது. இனி நமக்குள் கடிதம்தான்.

ஒரு உதவி வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் கடற்பாசி சேகரிக்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் கரையில் புதுசாக ஏதாவது ஒதுங்குகிறது. தட்டில் தண்ணீர் விட்டு, பாசியை மிதக்கவைத்து, தாளில் ஏந்தி உலர்த்துகிறேன். அந்தத் தாள்கள் இப்போது சாப்பாட்டு மேசை, கட்டிலடி, துணி அலமாரி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டன. நேற்று பேரி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். நல்ல சிவப்புப் பாசி. பெயர்கூட இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

நூலகத்தில் ஒரு அடுக்கு பார்த்தேன். இரும்புப் பைப்பில் சட்டம் கட்டி, நடுவில் பலகைகள் போட்டு, அதிலேயே எழுதும் மேசையும் சேர்த்திருந்தார்கள். அதிலிருந்து தூக்கம் போய்விட்டது. பைப்புக்கு அளவு எப்படிச் சொல்வது? சுவரில் எதைப் பிடித்து நிற்கும்? பலகை வழுக்காதா? பேரியிடம் சொன்னேன். "பைப்புல தண்ணி போகும், உன் பாசி எப்படிப் போகும்? கடையில பெட்டியில வச்ச மேசை விக்கிறான், வாங்கிட்டு வர்றேன்" என்றார். பெட்டி மேசை எனக்கு வேண்டாம். நீ சொல்லிக்கொடு.

உடம்பைப் பார்த்துக்கொள். வெறும் ரொட்டியும் டின் மீனுமாகக் காலம் தள்ளாதே.

உன் தங்கை,
லினெட்


வயல்லா, தெற்கு ஆஸ்திரேலியா
மார்ச் 19, 2013

லினுக்கு,

இருக்கிறேன். வெயில் இன்னும் போகவில்லை, செம்மண் தூசு ஜன்னலுக்குள் வருகிறது, நான் துடைக்கிறேன், மறுபடியும் வருகிறது. டின் மீனை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். முக்கால் இஞ்ச் பைப்பு வாங்கு. முக்கால் என்பது உள்வாயின் பெயர், வெளியே அளந்து பார்த்து கடைக்காரனோடு சண்டைக்குப் போகாதே. துத்தநாகம் பூசாத கறுப்புப் பைப்பு அழகு, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கோடு வரும். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட்டால் துடை. இல்லாவிட்டால் உன் பாசியெல்லாம் எண்ணெய் குடிக்கும். திருகு மரையில் டேப் சுற்ற வேண்டாம், உள்ளே தண்ணீர் ஓடப்போவதில்லை. சுவரில் ஃபிளாஞ்ச், அதாவது பைப்பைப் பிடிக்கும் வட்டத் தகடு, வைக்கும் இடத்தில் சுவர்ப்பலகைக்குப் பின்னால் மரச்சட்டம் இருக்க வேண்டும். விரல் முட்டியால் தட்டிப் பார். 'டொக்' என்றால் வெறும் காற்று, 'டக்' என்றால் சட்டம்.

நாற்காலியில் உட்கார்ந்து உன் முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுது. பூதக்கண்ணாடி வைத்துக் குனிவாய் என்பதால் கேட்கிறேன். தாள்கள் மொத்தம் என்ன கனம்? பாசிக்கு எதற்கு லத்தீனில் பெயர்? அதற்குத் தெரியுமா?

அடுக்குக்குப் படம் வைத்திருக்கிறேன். மேசைக்கான படம் பிறகு வரும். படம் யாருடையது என்று உன் வீட்டுக்காரரிடம் சொல்லாதே. உன் கையால் பார்த்து வரைந்துகொள்.

நெவில்


அல்வர்ஸ்டோன்
ஏப்ரல் 14, 2013

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்த நேரம் எனக்குச் சளி. இப்போது தேவலை. நீ குளிருக்கு முன்னால் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டாயா?

சுவர் முழுவதும் தட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு மார்ஜரி வந்து, "யாரும்மா உள்ள மாட்டிக்கிட்டது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆப்பிள் அடைக்கும் பழைய கொட்டகையைப் பிரித்தார்கள், பலகையை அங்கே வாங்கினேன். இழைக்க இழைக்க ஆப்பிள் வாசனை வருகிறது. முழங்கை உயரம் அறுபத்தாறு சென்டிமீட்டர். தாள்களைக் குளியலறைத் தராசில் வைத்தேன்: இருபத்தொரு கிலோ. நானே அசந்துவிட்டேன்.

பெட்டி மேசை வாங்கச் சொன்னவர் படத்தைப் பார்த்ததும் ரெஞ்சைக் கையில் எடுத்துவிட்டார். "இதுல என்ன பெரிய வித்தை இருக்கு? தள்ளு லின்" என்றார். அடுக்கு நின்றுவிட்டது, அண்ணா. நான் தொங்கிக்கூடப் பார்த்தேன். அசையவில்லை. பேரி அதைத் தடவிக்கொண்டே இரண்டு கோப்பை டீ குடித்தார். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உன் படம் என்று சொல்ல முடியாததுதான் உறுத்தியது.

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அம்மாவின் காரியத்தன்று நீ அந்தக் கைப்பிடியை ஆட்டாமல் இருந்திருக்கலாம். பேரி பார்த்துப் பார்த்துக் கட்டிய மரத்தளம், ஊரே சாண்ட்விச்சும் கையுமாக நிற்கிறது. "இதுல ஒரு சேவல் உக்காந்தாக்கூட விழுந்துடும்"னு சொல்லி நீ ஆட்டினாய். அது பாதிரியாரின் டீக் கோப்பையோடு போய் விழுந்தது. பேரியும் "என் வாசப்படிய இனி மிதிக்காதே" என்று சொல்லியிருக்க வேண்டாம். அதற்கு ஒன்பது வருஷமா? உனக்கு எழுபத்து மூன்று வயது. எனக்கு இருப்பது ஒரே அண்ணன். இந்த வாசல் வழியாக நீ ஒருதரம் உள்ளே வர வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை. கிறிஸ்துமஸுக்கு வாயேன். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கண்ணைக் கசக்காமல் முடிக்கிறேன்.
லினெட்


வயல்லா
ஏப்ரல் 29, 2013

லினுக்கு,

ஊசி போட்டுக்கொண்டேன். கை வீங்கியது, இறங்கிவிட்டது.

போ என்று சொன்னவர் வா என்று சொல்லட்டும். தங்கையின் தயவில் பின்வாசலால் நுழைய எனக்கு வயது போதாது. இதைப் பற்றி மறுபடி எழுதாதே.

மேசைக்குப் படம் இதோடு வருகிறது. பலகைக்கு அடியில் நான்கு பக்கமும் பைப்பு, நான்கு மூலையிலும் எல்போ, அதுதான் முழங்கை மாதிரி வளைந்த இணைப்பு. மூடின சட்டம். அதற்குக் கீழே கால்களைச் சேர்க்கும் விதமும் வரைந்திருக்கிறேன். நீளங்களைக் கடையில் வெட்டி மரை போட்டுக் கொடுப்பார்கள். முதலில் மூன்று பக்கத்தையும் முறுக்கிவிடுங்கள், பிறகு நான்காவது.

இங்கே கரையில் ஒரு பச்சைப் பாசி பார்த்தேன், நரம்பு நரம்பாக. இத்தனை வருஷம் அதன் மேல் நடந்திருக்கிறேன், குனிந்து பார்த்ததில்லை. வேண்டுமா?

நெவில்


அல்வர்ஸ்டோன்
ஜூன் 9, 2013

அன்புள்ள அண்ணனுக்கு,

குளிர் எலும்பில் இறங்கிவிட்டது. மற்றபடி சுகம், உன் சுகத்துக்கு எழுது. பச்சைப் பாசி வேண்டும், இது என்ன கேள்வி? ஈரச் செய்தித்தாளில் சுற்றி அனுப்பு.

மேசை முடியவில்லை. மூன்று பக்கமும் கல் மாதிரி நிற்கிறது. கடைசிப் பைப்பு பொருந்தமாட்டேன் என்கிறது. ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் வாய் பிளந்து நிற்கிறது. பேரி முதலில் கடைக்காரனைத் திட்டினார். பைப்பை மறுபடி வெட்டி வந்தார், இப்போது குட்டை. இன்னொன்று வாங்கினார், அது நெட்டை. சனிக்கிழமை காலையில் கடை வாசலில் தீயணைப்புத் தொண்டர்கள் சாசேஜ் சுட்டு ரொட்டியில் வைத்து விற்பார்கள் இல்லையா, அவர்கள் இப்போது இவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள்.

"படம் தப்பு லின். எந்தப் பத்திரிகையில பாத்து வரைஞ்சே?"

"படத்துல தப்பு இருக்காது."

"ஏன் இருக்காது? வரைஞ்சவன் என்ன வானத்துலேர்ந்து குதிச்சவனா?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். ஆனால் அண்ணா, எங்கே பிசகு? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். உன் படத்தை ஒருதரம் திரும்பப் பார்த்துச் சொல்.

லினெட்


வயல்லா
ஜூலை 12, 2013

லினுக்கு,

பதில் தாமதம். சுகமாகத்தான் இருக்கிறேன்.

கணவாய் மீன் கூட்டம் வந்துவிட்டது. ஊரெல்லாம் ரப்பர் சட்டை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் எட்டிப் பார்க்கிறது. நான் பாறையில் உட்கார்ந்து பார்த்தேன். சின்ன ஆண் ஒன்று, பெரியவன் சண்டையில் மும்முரமாக இருக்கும்போது பெண் மாதிரி நிறம் மாற்றிக்கொண்டு நடுவே புகுந்து பெண்ணிடம் போய்விட்டது. எழுபத்து மூன்று வயதில் இதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் சொல்வதற்கு ஆள் இல்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

பச்சைப் பாசி வைத்திருக்கிறேன். பழுப்பில் ஒன்றும், சிவப்பில் இரண்டும். சிவப்பு நாறுகிறது.

பைப்பை இன்னும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.

நெவில்


அல்வர்ஸ்டோன்
ஜூலை 24, 2013

அன்புள்ள அண்ணனுக்கு,

பாசிகள் வந்து சேர்ந்தன. தபால்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு உறையை எட்ட நின்று நீட்டினார். பழுப்பு எங்கள் கரையில் இல்லாதது. உன் பெயர் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

இப்போது நான் கேட்பதற்குக் கோபப்படாதே. நாம் வளர்ந்த மூன்டா வீட்டில் நாயின் பெயர் என்ன? அப்பா வேலையிலிருந்து வந்ததும் முதலில் எதைக் கழற்றுவார்? நம் வீட்டுத் தெருமுனையில் என்ன கடை? பதில் எழுது. யாரையும் கேட்காமல் எழுது.

ஏன் கேட்கிறேன் என்றால், பேரி கிளப்புக்குப் பந்து உருட்டப் போயிருந்தபோது நான் அந்தப் பைப்போடு தரையில் உட்கார்ந்தேன். பலம் போட்டால் புரியாது, விளையாடினால் புரியும் என்று தோன்றியது. வலது முனைக்கு அருகில் ஒரு சிவப்பு நூல் கட்டினேன், இடது முனைக்கு அருகில் ஒரு வெள்ளை நூல். வலது எல்போவுக்குள் பைப்பைத் திருகினேன். பைப்பு முழுசாகச் சுற்றுகிறது, இரண்டு நூலும் சேர்ந்துதான் சுற்றுகின்றன. இடது எல்போவுக்குள் அது ஏற வேண்டுமானால் எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். அங்கே ஏறினால் இங்கே கழலும், இங்கே ஏறினால் அங்கே கழலும். அளவில் தப்பே இல்லை, அண்ணா. எந்த அளவில் வெட்டினாலும் பொருந்தாது. மூடின சட்டத்தில் கடைசிப் பைப்பு பொருந்தவே பொருந்தாது.

கண்டுபிடித்ததும் குழந்தை மாதிரி கை தட்டினேன். அடுத்த நிமிஷம் பயம் பிடித்தது. நான் ஒரு மத்தியானத்தில் கண்டுபிடித்ததை, கப்பல் கப்பலாகப் பைப்பு ஓட்டியவன் எப்படி மறப்பான்? உனக்கு மறதி வந்துவிட்டதா? அடுப்பை அணைக்கிறாயா? உண்மையைச் சொல்.

கவலையோடு,
லினெட்


வயல்லா
ஆகஸ்ட் 5, 2013

லினுக்கு,

சார்ஜென்ட். கடித்தது உன்னை, அடி வாங்கியது நான். அப்பா முதலில் பல்செட்டைக் கழற்றுவார், பிறகுதான் பூட்ஸ். தெருமுனையில் இறைச்சிப் பேஸ்டி சுட்டு விற்கும் கடை, அந்த அம்மாவுக்கு மீசை உண்டு, உன்னைவிட அடர்த்தி.

என் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுப்பை அணைக்கிறேன்.

நூல் கட்டிப் பார்த்தது நல்ல யோசனை. எங்கள் தளத்தில் புதுசாகச் சேர்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது தோன்றாது. இரும்பைக் குறை சொல்வார்கள்.

மீதிக் கேள்விக்குப் பதில் இல்லை. சில விஷயங்களைக் கடிதத்தில் விளக்க முடியாது, நேரில் நின்று காட்ட வேண்டும். பழுப்புப் பாசிக்குப் பெயர் தெரிந்ததா?

நெவில்


அல்வர்ஸ்டோன்
ஆகஸ்ட் 27, 2013

அன்புள்ள அண்ணனுக்கு,

மீசைக்கு நீ நேரில் பதில் சொல்லத்தான் போகிறாய். உன் மூளை நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கேயும் நலம்.

நேரில் நின்று காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் பல தடவை படித்தேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்குப் புத்தி எங்கே போயிற்று, இல்லையா?

போன வெள்ளிக்கிழமை நான் மட்டும் கடைக்குப் போனேன். பைப்பு சாமான் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கிளறினேன். அடித்தட்டில் ஒன்று கிடைத்தது. மூன்று துண்டு. இரண்டு துண்டுகள் இரண்டு பைப்பிலும் தனித்தனியாக ஏறிக்கொள்கின்றன. நடுவில் ஒரு வளையம் மட்டும் சுற்றி இரண்டையும் இழுத்துப் பிடிக்கிறது. பைப்புகள் சுற்றவே வேண்டாம். பெயர்ச்சீட்டில் 'யூனியன்' என்று போட்டிருந்தது. எட்டு டாலர். பத்து வயதுப் பிள்ளையும் மாட்டலாம்.

கடைசிப் பைப்பை அங்கேயே இரண்டாக வெட்டி மரை போட்டு வாங்கி வந்து, அவர் கிளப்பில் இருந்தபோது பொருத்தினேன். மூடிக்கொண்டது. பலகையைப் போட்டு, பூதக்கண்ணாடி வைத்து, உன் பழுப்புப் பாசியைப் பார்த்தேன். முழங்கைக்கு ஒரு நூல் ஏற்ற இறக்கம் இல்லை. அவ்வளவு நன்றாக இருந்தது. பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். துண்டுப் பைப்புகள் பரணில். யூனியன் என் கம்பளிச் சட்டைப் பையில் கனக்கிறது. சட்டை ஒரு பக்கம் தொங்குகிறது என்று மார்ஜரி சொன்னாள்.

உன்னை நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் என்னைக் கேட்காதே. பேரி இன்னும் முழங்காலில் நின்று பழைய பைப்போடு மல்லுக்கட்டுகிறார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிறார். பார்க்கப் பாவமாக இருக்கிறது. ஆனால் எப்போதாவது ஒரு நாள் அவர் வாய்விட்டு "யாரையாவது கூப்பிடணும்" என்று சொல்வார் அல்லவா? அதுவரை இந்த வீட்டில் மேசை இல்லை.

லினெட்


வயல்லா
செப்டம்பர் 6, 2013

லின்,

சுகம். சட்டைப் பையைத் தைத்து வை.

நெவில்


அல்வர்ஸ்டோன்
செப்டம்பர் 30, 2013

மச்சான் நெவில் அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள். இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். லினெட் கரைக்குப் போயிருக்கிறாள், நேற்று நல்ல காற்று. நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

இந்த வீட்டுத் தபால் பெட்டியைத் தினமும் திறப்பவன் நான். மார்ச் மாதத்திலிருந்து செம்மண் அப்பிய உறைகள் வருகின்றன. படம் யாருடையது என்று முதல் நாளே தெரியும். பத்திரிகையில் யார் அவ்வளவு கச்சிதமாக அளவு போடுகிறார்கள்? அடுக்கு கட்டும்போது ஒவ்வொரு துளையும் சொன்ன இடத்தில் சொன்னபடி விழுந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதனால்தான் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இந்த மாத ஆரம்பத்தில் அவள், "என் கண்ணாடிய எடுத்துட்டு வாங்க, சட்டைப் பையில இருக்கு" என்றாள். தவறான சட்டையில் கையை விட்டேன். அந்தச் சாமான் வந்தது. என்னவென்று தெரியாமல், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கடையில் போய் விசாரித்தேன். கடைப் பெண் இரண்டு துண்டுப் பைப்பில் மாட்டிக் காட்டினாள். வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். முப்பது வருஷம் கப்பலுக்குப் பைப்பு பொருத்திய மனுஷன் யூனியனை மறக்கமாட்டான். நீங்கள் மறக்கவில்லை. கண்டுபிடித்தும் அவள் சொல்லவில்லை. நான் என்னைக்காவது உங்களைக் கூப்பிடுவேன் என்று அண்ணனும் தங்கையும் காத்துக்கொண்டு இருக்கிறீர்கள்.

முதலில் கோபம்தான் வந்தது. என்னை முட்டாள் ஆக்கிவிட்டீர்களே என்று. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். தபால் வரும் நாளில் ஒரு முகம், வராத நாளில் ஒரு முகம். ஒன்பது வருஷமாக நான் பார்க்காமல் விட்ட முகம்.

அன்றிலிருந்து இன்றுவரை நான் அவள் எதிரில் முழங்காலில் நின்று, பொருந்தாது என்று தெரிந்த பைப்பைத் திருகிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் என்னைச் சபிக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் மூடிவிட்டால் உங்களுக்கு எழுத எனக்குச் சாக்கு இருக்காது. இந்த ஒரு கடிதத்துக்குத் தைரியம் சேர இத்தனை நாள் ஆயிற்று. அன்று வாசப்படியை மிதிக்காதே என்று சொன்னது நான். அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வாருங்கள்.

பயணிகள் கப்பல் விடிகாலையில் பக்கத்து ஊர் டெவன்போர்ட்டுக்கு வரும். எந்த நாள் என்று மட்டும் எழுதுங்கள், துறைமுகத்தில் காரோடு நிற்பேன். பைப்பு ரெஞ்ச் இங்கே இருக்கிறது. யூனியன் அவள் சட்டைப் பையில் இருக்கிறது. நீங்கள் வெறுங்கையோடு வந்தால் போதும், மச்சான்.

பேரி